ஆற்றில் மீன் சாகிறது, சோதனையில் ஒன்றும் தெரியவில்லை

கேள்வி: என் நிலம் ஆற்றை ஒட்டி இருக்கிறது. மோட்டார் வைத்து வயலுக்கும் மீன் குட்டைக்கும் ஆற்றுத் தண்ணீர் எடுக்கிறேன். மாடுகளும் அங்கேதான் குடிக்கின்றன. இரண்டு மாதத்தில் மூன்று முறை, காலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் செத்து மிதந்தன. மறுநாள் தண்ணீர் எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தோம். எல்லாம் சரியாக இருப்பதாக முடிவு வந்தது. ஆலைக் கழிவு என்கிறார் ஒருவர், பூச்சிமருந்து என்கிறார் இன்னொருவர், நோய் என்பாரும் உண்டு. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரை எடுக்கலாமா?

பதில்: வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மீன் மிதக்கும் நாள்களில் தண்ணீர் எடுக்காதீர்கள். குட்டைக்கு நிச்சயமாக வேண்டாம். மாடுகளை வேறு தண்ணீருக்கு ஓட்டுங்கள். ஏற்கெனவே குடித்த மாட்டுக்கு எச்சில் ஒழுகினாலோ, உடல் நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். செத்த மீனை யாரும் சமைக்கக் கூடாது; கோழிக்கும் நாய்க்கும்கூடப் போடக் கூடாது.

சரி, சோதனை முடிவுக்கு வருவோம். மறுநாள் எடுத்த தண்ணீர் சுத்தமாக இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நொடிக்கு 30 சென்டிமீட்டர் என்ற மெதுவான ஓட்டத்தில்கூடத் தண்ணீர் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். மீனைக் கொன்ற தண்ணீர் மறுநாள் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் கீழே போயிருக்கும். நீங்கள் பாட்டிலில் பிடித்தது அதற்குப் பின்னால் வந்த தண்ணீர்.

இன்னொன்றும் இருக்கிறது. செத்த மீன் பெரும்பாலும் முதலில் அடியில் அமிழ்ந்துவிடும். வயிற்றுக்குள் அழுகி வாயு சேர்ந்த பிறகுதான் மேலே வரும். ஆகவே உப்பிய வயிறோடு மிதப்பவை நேற்றோ அதற்கு முன்போ, உங்கள் கரைக்கு மேலே எங்கோ செத்தவையாக இருக்கலாம். கண் வெளுக்காமல், செவுள் நிறம் மாறாமல் கிடப்பவைதான் புதிதாகச் செத்தவை. நமக்கு வேண்டியவை அவைதான். சாகும் தறுவாயில் தத்தளிக்கும் மீன் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்த முறை செத்ததை எண்ணுவதற்கு முன்னால், சாகாதது எது என்று பாருங்கள். பல ஆண்டுகளாக நான் எல்லோரிடமும் சொல்லிவரும் விஷயம் இதுதான். விராலும் தேளியும் மேலே வந்து காற்றை எடுத்துக்கொள்ளக்கூடிய மீன்கள். மற்றவை செத்து இவை மட்டும் பிழைத்திருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இவையும் சேர்ந்து செத்திருந்தால் நஞ்சின் பக்கம் சந்தேகம் திரும்புகிறது. கரையோரக் கற்களைப் புரட்டிப் பாருங்கள். இறால், நண்டு, நீர்ப்பூச்சிகள் எல்லாம் செத்திருந்தால் பூச்சிமருந்தைத்தான் நான் முதலில் தேடுவேன். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே இவற்றைக் கொன்றுவிடும். ஒரே இன மீன் மட்டும், நாளுக்குக் கொஞ்சமாகப் பல நாள் செத்துக்கொண்டிருந்தால் நோயாக இருக்கலாம். ஆக்சிஜன் குறையும்போது பெரிய மீன்கள் முதலில் போகும். நஞ்சு என்றால் குஞ்சுகளே பெரும்பாலும் முந்திக்கொள்ளும்.

மூன்று முறையும் காலையில் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியமான தடயம். பாசியும் நீர்ச்செடியும் பகலில் ஆக்சிஜனை விடுகின்றன, இரவில் அவையும் அதையே எடுத்துக்கொள்கின்றன. அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு மிகவும் குறைந்திருக்கும். பல மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை; 2-க்குக் கீழே போனால் தாங்காது. மதியம் அளந்தால் நல்ல அளவுதான் காட்டும். வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 20 டிகிரி தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். இதில் நஞ்சே இல்லாத பொருளும் மீனைக் கொல்லும். சாணக் கரைசலோ, பாலோ, வெல்லப்பாகுக் கழிவோ ஆற்றில் கலந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழை, கரையில் குவிந்ததையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து இதையேதான் செய்கிறது. 2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெனிண்டி ஊரருகே டார்லிங் ஆற்றில் கோடிக்கணக்கான மீன்கள் செத்தன. வெள்ளம் வடிந்த நேரம், கடும் வெயில், ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தது.

ஆனால் ஆக்சிஜன்தான் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 2022 கோடையில் போலந்து, ஜெர்மனி வழியாக ஓடும் ஓடர் ஆற்றில் சுமார் 360 டன் மீன் செத்தது. முதலில் பாதரசம் என்று பேச்சு கிளம்பியது. அது இல்லை. தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவும் இல்லை, கூடுதலாகவே இருந்தது. பிரிம்னீசியம் பார்வம் என்ற நுண்பாசி பெருகி விட்ட நஞ்சு செவுள்களை அழித்திருந்தது. உப்புத்தன்மை உள்ள நீரில் வளரும் பாசி அது. ஆலைகளின் உப்புக் கழிவு ஆற்று நீரை உப்பாக்க, வெயிலும் குறைந்த நீரோட்டமும் சேர்ந்துகொண்டன. தண்ணீரின் மின்கடத்துதிறனை அளந்தாலே உப்பு ஏறியிருப்பது தெரிந்துவிடும். கையடக்கக் கருவியில் ஒரு நிமிட வேலை, அதை விட்டுவிடாதீர்கள்.

மீனின் உடலும் பேசும். செவுளும் ரத்தமும் பழுப்பாக இருந்தால் நைட்ரைட்டை (கழிவு சிதையும்போது தண்ணீரில் சேரும் நைட்ரஜன் சேர்மம்) சந்தேகிக்கலாம், பளிச்சென்ற சிவப்பாக இருந்தால் சயனைடை. பக்கத் துடுப்புகள் முன்னோக்கி விறைத்திருந்தால் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தாக இருக்கலாம். அதை மூளையிலுள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அளந்து உறுதிசெய்வார்கள். செவுளில் கோழை அடைத்திருப்பது அமிலம், உலோகம், அம்மோனியா எதனாலும் வரும். கண்ணால் பார்ப்பது சந்தேகத்துக்கு மட்டுமே, தீர்ப்பு ஆய்வகத்திலிருந்துதான் வர வேண்டும்.

அதற்கு இப்போதே ஒரு பையில் சாமான்களைத் தயாராக வையுங்கள்: சுத்தமான கண்ணாடிப் பாட்டில்கள், அலுமினியத் தாள், கையுறை, மார்க்கர் பேனா, ஐஸ் போட ஒரு பெட்டி. மீன் மிதப்பதைப் பார்த்ததும் முதலில் கைபேசியில் படம், நேரம், இடம். அப்புறம் மூன்று இடத்தில் தண்ணீர் எடுங்கள்: சாவு தொடங்கும் இடத்துக்கு மேலே, சாவு நடந்த இடத்தில், ஓட்டத்தைக் கணக்கிட்டு அந்தத் தண்ணீர் இப்போது எங்கே போயிருக்குமோ அங்கே. பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடி ஐஸில் வையுங்கள். புதிதாகச் செத்த மீன்களை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ரசாயனச் சோதனைக்கானதை அலுமினியத் தாளில் சுற்றி உறையவைக்கலாம். நோய் பார்க்க வேண்டியதை உறையவைத்தால் திசு கெட்டுவிடும், ஐஸில் மட்டும் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். மேலே, சாவு இல்லாத பகுதியிலிருந்து அதே இனத்தின் நல்ல மீன் இரண்டும் வேண்டும். ஒப்பிட எதுவும் இல்லையென்றால் முடிவுக்கு அர்த்தமே இல்லை. ஆய்வகத்துக்கு முன்கூட்டியே போன் செய்து அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்த மருந்தைத் தேட வேண்டும் என்று சொல்லாமல் கொடுத்தால் வழக்கமான சில அளவுகளை மட்டும் பார்த்து 'சரி' என்று எழுதிவிடுவார்கள். உங்களுக்கு நடந்ததும் அதுவாக இருக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். சாவு நடக்கும்போதே ஆற்றுத் தண்ணீரை இரண்டு தொட்டிகளில் பிடித்து, ஒன்றில் மட்டும் காற்றுக் குழாய் போடுங்கள். மூன்றாவது தொட்டியில் நல்ல கிணற்றுத் தண்ணீரும் காற்றும். மூன்றிலும் சில குஞ்சுகளை விடுங்கள். காற்று உள்ள ஆற்றுத் தண்ணீரில் பிழைத்து, காற்றில்லாததில் செத்தால் ஆக்சிஜன் குறைவு. ஆற்றுத் தண்ணீர் இரண்டிலும் செத்து, கிணற்றுத் தண்ணீரில் பிழைத்தால் அந்த நீரில் நஞ்சு இருக்கிறது.

கடைசியாக ஒன்று, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மூன்று நாள்களுக்கு முன்னால் நீங்களும் அக்கம்பக்கத்தாரும் என்ன மருந்து அடித்தீர்கள், அதற்குப் பின் மழை பெய்ததா, தெளிப்பானை எங்கே கழுவினீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். தெளிப்பானை ஆற்றில் அலசுவதாலேயே ஒரு மடுவின் மீன்கள் மொத்தமும் சாகலாம். அந்தத் தேதிகளையும், மீன்கள் செத்த நாளில் வானம் எப்படி இருந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள், நாம் சேர்ந்து பார்க்கலாம்.