அமெரிக்காவில் வீட்டில் சிபி ரேடியோ நிலையம் அமைக்க 150 டாலர் போதுமா?

போதும். (சிபி என்றால் சிட்டிசன்ஸ் பேண்ட், லாரிக்காரர்களும் பொதுமக்களும் ஒருவரோடொருவர் பேசும் குறுந்தூர ரேடியோ.) ஆனால் கேள்வியில் நீங்கள் போட்டிருக்கும் கணக்கைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். 120 டாலருக்கு ரேடியோ, மீதி 30 டாலருக்கு ஏதாவது ஓர் ஆன்டெனா என்று எழுதியிருக்கிறீர்கள். ரேடியோவுக்கு 40 டாலர் ஒதுக்குங்கள், போதும். மீதிப் பணத்தில் பெரும்பங்கு வீட்டுக்கு வெளியே, உயரத்தில் தொங்கப்போகும் ஆன்டெனாவுக்கும் அதைச் சேர்ந்த பொருள்களுக்கும் போக வேண்டும்.

காரணம் எளிது. அமெரிக்காவில் சட்டப்படி விற்கப்படும் எந்த சிபி பெட்டியானாலும் வழக்கமான ஏஎம் முறையில் 4 வாட்தான். 50 டாலர் பெட்டியும் 4 வாட், 200 டாலர் பெட்டியும் 4 வாட். கூடுதல் காசுக்குக் கிடைப்பது ஏழு நிற டிஸ்பிளே, வானிலை சேனல், சத்தம் குறைக்கும் வசதி இவைதான். எஸ்எஸ்பி (குரலைக் குறுகிய அலைவரிசையில் அனுப்பும் இன்னொரு முறை) உள்ள பெட்டி மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் உச்ச அளவு 12 வாட் வரை அனுமதி உண்டு, தூரமும் நிஜமாகவே கூடும். ஆனால் அது முதல் பெட்டியாக இருக்க வேண்டியதில்லை.

‘ஆம்ப்ளிஃபயர் போட்டால் என்ன?’ என்று அடுத்து கேட்பீர்கள். சிபி-யில் அது சட்டவிரோதம். அதை விட்டாலும் கணக்கே இடிக்கிறது. எதிர்முனையில் இருப்பவரின் மீட்டரில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் புள்ளி ஒரே ஒன்று கூட வேண்டுமென்றால் உங்கள் சக்தி நான்கு மடங்காக வேண்டும், அதாவது 4 வாட் 16 வாட் ஆக வேண்டும். உயரத்தின் கணக்கு இதைவிட நல்ல பேரம். ஆன்டெனா 8 அடியில் இருந்தால் அதன் ரேடியோ தொடுவானம், அதாவது அலை ஏறக்குறைய நேராக எட்டும் எல்லை, சுமார் 4 மைல். 32 அடிக்கு ஏற்றினால் 8 மைல். 27 மெகாஹெர்ட்ஸ் அலை தொடுவானத்தையும் தாண்டிக் கொஞ்சம் வளைந்து போகும், எதிரில் இருப்பவருக்கும் ஓர் உயரம் இருக்கும். நல்ல உயரத்தில் இருக்கும் வீட்டு நிலையத்திலிருந்து நெடுஞ்சாலையில் போகும் லாரியுடன் 10 மைல் சுற்றளவில் பேசலாம். இந்தக் கூடுதல் தூரத்துக்கு ஆகும் செலவு ஒரு கயிறு.

நான் பென்சில்வேனியாவில் மெக்கானிக்ஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். அருகில் கார்லைல் ஊரை ஒட்டி ஐ-81 சாலையும் டர்ன்பைக் எனப்படும் சுங்கச் சாலையும் நெருங்கி வருகின்றன, சுற்றிலும் கிடங்குகள். அதனால் லாரிக்காரர்கள் பேசும் 19ஆம் சேனலில் ராத்திரி பகல் எந்நேரமும் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் ஊரில் எப்படி என்பதை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாறு மைலுக்குள் பெரிய நெடுஞ்சாலை இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் பல நாள் வெறும் இரைச்சல்தான் கேட்கும். பிறகு ரேடியோ சரியில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பெட்டிக்கு வருவோம். ‘பேஸ் ஸ்டேஷன்’ என்று தனியாக விற்பதைத் தேடிப் போகாதீர்கள். காரில் வைக்கும் சாதாரண மொபைல் பெட்டியே போதும். யூனிடன், கோப்ரா, பிரெசிடென்ட் என்று எதுவானாலும் சரி, ஹாம்ஃபெஸ்டிலும் (ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் சந்தை) யார்டு சேலிலும் (வீட்டு முற்றத்தில் பழைய பொருள் விற்பது) பழையது 30, 40 டாலருக்குக் கிடைக்கும். மைக் ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் வெடித்திருக்கிறதா, பின்பக்க ஆன்டெனா சாக்கெட் ஆடுகிறதா என்று மட்டும் கையால் தொட்டுப் பாருங்கள். யார்டு சேலில் 1970-களின் மரப்பெட்டி மாதிரி அழகான பேஸ் செட்டுகளும் கண்ணில் படும். பார்க்க ஆசையாக இருக்கும். 40-க்குப் பதில் 23 சேனல் மட்டும் இருந்தால் அது 1977-க்கு முந்தைய சரக்கு. உள்ளே கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். சால்டரிங் பழக்கம் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த மேசைக்கு நகருங்கள்.

மொபைல் பெட்டிக்கு 13.8 வோல்ட் டிசி வேண்டும். பேசும்போது சுமார் 2 ஆம்பியர்தான் இழுக்கும், ஆகவே 5 ஆம்பியர் பவர் சப்ளை தாராளம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான பழைய வகை கிடைத்தால் அதையே எடுங்கள். கையில் எடுத்தால் செங்கல்போல் கனக்கும், அதுதான் அடையாளம். லேசாக இருக்கும் மலிவான ஸ்விட்சிங் வகைகளில் பல தாமே இரைச்சலை உண்டாக்கி, நீங்கள் கேட்க வேண்டிய குரலை அமுக்கிவிடும். சீல் செய்த 12 வோல்ட் பேட்டரி ஒன்று சும்மா கிடந்தால் அதுவும் நல்ல வழி. கரண்ட் போனாலும் பேசலாம். எதுவானாலும் நடுவில் ஃபியூஸ் கட்டாயம்.

இனி ஆன்டெனா. கடையில் விற்கும் 17, 18 அடி ஃபைபர்கிளாஸ் கம்பங்கள் நல்லவைதான், ஆனால் விலையும் அவற்றை நிறுத்தும் குழாயும் சேர்ந்தால் உங்கள் 150 அங்கேயே தீர்ந்துவிடும். பின்பக்கம் ஒரு நல்ல மரம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்களே, அதைப் பயன்படுத்துவோம். கோஆக்ஸ் கேபிளையே (நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் கம்பி உள்ள கேபிள்) ஆன்டெனாவாக்கும் ஒரு பழைய வழி உண்டு. 

ஆர்ஜி-8எக்ஸ் கேபிள் 75 அடி, இரு முனையிலும் பிஎல்-259 கனெக்டர் பொருத்தியது வாங்குங்கள். 35, 40 டாலர் ஆகும். ஒரு முனையின் கனெக்டரை வெட்டிவிட்டு, அங்கிருந்து 9 அடிக்கு மேலுறையையும் பின்னல் கம்பியையும் உரித்தெடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை உறையும் நடுக்கம்பியும் அப்படியே இருக்கட்டும். அதுதான் மேல் பாதி. உரித்தது முடியும் இடத்திலிருந்து கேபிளில் 8 அடி 6 அங்குலம் கீழே அளந்து குறியிடுங்கள். அந்தப் பகுதியின் பின்னல் வெளிப்புறம் கீழ் பாதியாக வேலை செய்யும். குறியிட்ட இடத்தில் 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டின் மேல் கேபிளை நெருக்கமாக ஐந்தாறு சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். இந்தச் சுருள் இல்லாவிட்டால் மின்னோட்டம் கேபிளின் வெளிப்புறத்திலேயே வீட்டுக்குள் வந்து, மைக்கைப் பிடித்த கையையே ஆன்டெனாவின் ஒரு பகுதியாக்கிவிடும். உரித்த வாய்க்குள் மழைநீர் போகாமல் ரப்பர் டேப் சுற்றுங்கள். மேல் நுனியில் கயிறு கட்டிக் கிளையில் ஏற்றுங்கள்.

செங்குத்தாகவே தொங்க வேண்டும், இதில் சமரசம் கூடாது. லாரிகளில் இருப்பவை எல்லாம் செங்குத்துக் கம்பிகள். நீங்கள் கொடியில் துணி காயப்போடுவதுபோல் படுக்கையாகக் கட்டினால் பக்கத்து ஊர் சிக்னலிலேயே 20 டெசிபெல் அளவுக்கு இழப்பு வரலாம். 4 வாட் 0.04 வாட் ஆன மாதிரி.

வீட்டில் டிவிக்கு வாங்கிய ஆர்ஜி-6 கேபிள் கிடக்கிறது, அது ஆகாதா? மின்சாரக் கணக்கில் ஆகும். ஆனால் அதன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், சால்டர் ஒட்டாது. புதிதாகச் செய்பவருக்கு வீண் தலைவலி.

அடுத்து, யாரும் வாங்க விரும்பாத, ஆனால் வாங்கியே ஆக வேண்டிய பொருள்: எஸ்டபிள்யூஆர் மீட்டர், சுமார் 25 டாலர். அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டுவது இது. கூடவே அதை ரேடியோவுடன் இணைக்க 3 அடி கேபிள் ஒன்று. சேனல் 1-இல் மைக்கை அழுத்தி, முள்ளைக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்விட்சை மாற்றி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதையே 20-இலும் 40-இலும் செய்யுங்கள். 40-இல் கூடுதலாகக் காட்டினால் கம்பி நீளம், 1-இல் கூடுதலாகக் காட்டினால் குட்டை. மேலே 9 அடி விடச் சொன்னது நீளமாகத் தொடங்கத்தான், முதல் அளவில் 40 பக்கம் ஏறித்தான் இருக்கும். மரத்திலிருந்து இறக்கி நுனியை அரை அங்குலம் மடித்துக் கட்டி, ஏற்றி, மறுபடி அளக்க வேண்டும். ஒரே ஓர் அங்குலம் குறைத்தால் பத்துப் பன்னிரண்டு சேனல் தூரத்துக்கு நகர்ந்துவிடும், அதனால் கத்திரியைக் கடைசியில் எடுங்கள். கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டோ தரையில் போட்டோ அளந்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை, உயரத்தில் தொங்கும்போது வருவதுதான் கணக்கு. மூன்று சேனலிலும் 2-க்குக் கீழே வந்தால் போதும். 2 என்றால் திரும்பி வருவது 11 சதவீதம், 1.5 என்றால் 4 சதவீதம். 1.1 வரவில்லையே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 3 என்றால் 25 சதவீதம், அந்த நிலையில் மைக்கை அழுத்திப் பேசாதீர்கள், பெட்டிக்கு ஆகாது.

ஏற்றுவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி எங்கே போகிறது? ஆன்டெனா எந்தப் பக்கம் சாய்ந்தாலும், கயிறு அறுந்தாலும் அதைத் தொடக் கூடாது. முழு நீளத்தைவிடக் கூடுதலான இடைவெளி விடுங்கள். சிபி ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தும்போது மின்கம்பியில் பட்டு இறந்தவர்கள் அதிகமாகி, அந்த ஆன்டெனாக்களில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் தனி விதியே கொண்டுவந்தார்கள். உயரத்துக்கும் வரம்பு உண்டு: தரையிலிருந்து 60 அடி, அல்லது அது நிற்கும் கட்டடம் அல்லது மரத்தின் உச்சிக்கு மேலே 20 அடி. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் ஒன்று வைத்து, அதை வீட்டின் மின் எர்த்துடன் இணைக்க வேண்டும். தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டு எர்த் ஆயிற்று என்று விடக் கூடாது. இடி இடித்தால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் ரேடியோவைப் போட்டதும் ஒரே இரைச்சல், எஸ் மீட்டர் 7-இல் நிற்கிறது என்று வருவீர்கள். வரத்தான் செய்வீர்கள், இன்றைய வீடுகள் அப்படி. ரேடியோவை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, ஒருவரை மின்பெட்டி அருகே நிறுத்தி பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லுங்கள். மீட்டர் முள் பொத்தென்று விழும் இடத்தில் குற்றவாளி இருக்கிறான். என் வீட்டில் அது சமையலறை அலமாரிக்கு அடியில் ஒட்டிய எல்இடி பட்டையின் அடாப்டர். ஃபோன் சார்ஜர், மீன்தொட்டி விளக்கு, சோலார் இன்வெர்ட்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரு மலிவு சார்ஜரை மாற்றுவதில் கிடைக்கும் பலன், புது ரேடியோ வாங்கினாலும் கிடைக்காது.

வீடு ஹெச்ஓஏ-வுக்குக் (வீட்டு உரிமையாளர் சங்கம்) கட்டுப்பட்டதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். டிவி டிஷ்ஷுக்குப் பாதுகாப்பு தரும் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) விதி சிபி ஆன்டெனாவுக்குப் பொருந்தாது. கறுப்புக் கேபிள் மரத்தின் இலைக்குள் தொங்கினால் தெருவிலிருந்து யார் கண்ணிலும் படாது என்பது உண்மைதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்பீக்கரில் உங்கள் குரல் கேட்டுவிட்டால் ரகசியம் அம்பலம்.

லைசென்ஸ்? தேவையில்லை, 1983-லேயே அதை எடுத்துவிட்டார்கள். ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள். 19-இல் ‘ரேடியோ செக்’ (என் குரல் கேட்கிறதா என்ற விசாரிப்பு) கேட்டுப் பதில் வந்தால் வேறு சேனலுக்கு நகர்ந்து பேசுங்கள். 9 அவசரத்துக்கும் வழிப்பயணிகளுக்கு உதவவும் மட்டும். தொடர்ந்து 5 நிமிடம் பேசினால் 1 நிமிடம் விட வேண்டும் என்பது விதி. சூரியன் மும்முரமாக இருக்கும் காலத்தில் பகலில் திடீரென்று தொலைதூர மாநிலக் குரல்கள் வந்து குவியும், அப்போது பக்கத்து ஊர்க்காரரின் குரல் கேட்காது. ரேடியோ கெட்டுவிடவில்லை, சாயங்காலம் பாருங்கள்.

உங்கள் நோக்கம் வீட்டாருடன் பேசுவது மட்டும் என்றால் சிபி-யே வேண்டாம் என்பேன். ஜிஎம்ஆர்எஸ் என்ற வேறொரு ரேடியோ சேவை இருக்கிறது. அதன் லைசென்ஸ் 35 டாலர், பரீட்சை கிடையாது, 10 வருடம் செல்லும், குடும்பம் முழுக்கப் பயன்படுத்தலாம். முன்பின் தெரியாத ஒரு லாரிக்காரர் ‘பாலத்துக்கு அப்பால் எல்லாம் நிற்கிறது, முன்னாலேயே இறங்கிவிடு’ என்று சொல்வதைக் கேட்கும் சுகம் வேண்டும் என்றால் சிபி.

அப்புறம், ஊருக்குத் திரும்பும்போது இதை எடுத்துப் போகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் சிபி-க்கு விட்டிருப்பது 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அமெரிக்கப் பெட்டியின் 40 சேனல்கள் 27.405 வரை போகின்றன, 28ஆம் சேனலிலிருந்தே எல்லைக்கு வெளியே. அங்கே போய்த் தொடர ஆசையென்றால் ஹாம் பரீட்சை எழுதுங்கள். இந்தப் பெட்டியையும் மீட்டரையும் இங்கேயே ஏதாவது ஹாம்ஃபெஸ்டில் விற்றுவிடலாம், போட்ட காசில் பெரும்பகுதி திரும்பி வரும்.