தாத்தா கப்பல் கட்டப் போனார், வீடு 14-பி: கேள்வி பதில்

நான் மதுரைக்காரன். வைசாக் (விசாகப்பட்டினம்) ஷிப்யார்டில் ஃபிட்டர் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகும் பையனாகச் சேர்ந்து, அங்கேயே ரிட்டையர் ஆகி, ஊருக்குத் திரும்பியவன். பட்டறைக் காகிதம், மதுரைப் பழைய விலாசம், இந்த இரண்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வேறு எதையாவது கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, வீட்டில் பழைய காகிதம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை லேமினேட் செய்யாதீர்கள். இதை இன்றைக்கு எத்தனை தடவை சொல்லப் போகிறேனோ.

செல்லூரிலிருந்து: தாத்தா 1950 வாக்கில் வைசாக் போய்க் கப்பல் கட்டும் வேலை பழகினாராம். காகிதம் எதுவும் இல்லை. நம்பர் வெட்டிய பித்தளை வில்லை ஒன்று பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்யலாம்?

பதில்: அது டோக்கன். கேட்டில் டைம் ஆபீஸ் பலகையில் ஆணியில் தொங்கும், உள்ளே போகிறவன் எடுத்துப் பெட்டியில் போட வேண்டும், சங்கு ஊதிய பிறகும் தொங்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஆப்சென்ட். வேலையை விட்டுப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தாத்தா கொடுக்காமல் வந்துவிட்டார், உங்களுக்கு லாபம். ஆனால் ஒருவர் போனதும் அதே நம்பர் இன்னொருவருக்குப் போய்விடும், அதனால் நம்பரோடு வருஷமும் தெரிந்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

அடுத்து கம்பெனிப் பெயர். 1941-ல் அந்தக் கப்பல் கட்டும் தளத்தைத் தொடங்கியது வால்சந்த் ஹீராசந்தின் சிந்தியா கப்பல் கம்பெனி. 'ஜல உஷா' கப்பலை 1948-ல் நேரு வந்து தண்ணீரில் இறக்கியபோதும் அது சிந்தியாதான். 1952-ல் அரசாங்கம் பெரும்பங்கை எடுத்த பிறகுதான் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு. 1950-ல் சேர்ந்தவரின் காகிதத்தில் சிந்தியா என்றுதான் இருக்கும். ஹிந்துஸ்தான் என்ற பெயரை மட்டும் தேடி, கைக்கு எட்டியதைத் தள்ளி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். அப்ரண்டிஸ் என்றால் சின்னப் பையன். சின்னப் பையன் ஒப்பந்தம் போட முடியாது, அவனுக்காக அப்பாவோ கார்டியனோ போட வேண்டும். 1850-ஆம் வருஷச் சட்டத்திலேயே இது உண்டு: பத்து வயதுக்கு மேல் பதினெட்டுக்குள் இருக்கிற பிள்ளையைத் தகப்பனோ கார்டியனோ அதிகபட்சம் ஏழு வருஷத்துக்குத் தொழில் பழக எழுதிக் கொடுக்கலாம். 1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டத்திலும் மைனருக்குக் கார்டியன்தான் கையெழுத்து. அதனால் அந்த ஒப்பந்தம் ஒன்று கிடைத்தால் தாத்தா மட்டும் கிடைப்பதில்லை, தாத்தாவின் அப்பா பெயர், அவர் கையெழுத்தோ இடது பெருவிரல் ரேகையோ, ஊர், தெரு, கதவு எண் எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். நம் பக்கத்தில் ஒரு தலைமுறை மேலே ஏற இதைவிட நல்ல ஏணி கிடையாது. ஸ்டாம்பு பேப்பரின் முதுகுப் பக்கத்தையும் பாருங்கள். வெண்டர் யாருக்கு, எந்தத் தேதியில் விற்றார் என்று கிறுக்கியிருப்பார். சில சமயம் அப்பாவுக்குப் பதில் தாய்மாமன் பெயர் இருக்கும், அப்போது அப்பா இறந்துவிட்டாரா என்று விசாரிக்க வேண்டும்.

ஒப்பந்தம் இல்லையென்றால் பி.எஃப். நாமினேஷன் படிவம். கல்யாணத்துக்கு முன் போட்டதில் அம்மா பெயர், பின்னால் போட்டதில் மனைவி பெயர். தளத்தின் பர்சனல் (ஊழியர்) பிரிவுக்கு எழுதும்போது தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், தொழில் (ஃபிட்டர், டர்னர், ரிவெட் அடிக்கும் ரிவெட்டர், தகடு பொருத்தும் பிளேட்டர் எதுவோ), டோக்கன் நம்பர், சேர்ந்த வருஷம் சுமாராக, எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் போட்டு, இறப்புச் சான்றும் வாரிசு என்பதற்கான ஆதாரமும் வையுங்கள். வெறும் பெயரை எழுதி அனுப்பினால் பதில் வராது.

சிம்மக்கல்லிலிருந்து: எங்களிடம் அந்த ஒப்பந்தமே இருக்கிறது. மடிப்பில் கிழிகிறது. லேமினேட் செய்துவிடலாமா?

பதில்: வந்துவிட்டதா. வேண்டாம். சூட்டில் பசை இழைக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் ஒட்டாதீர்கள், பத்து வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்தையும் தின்றுவிடும். அட்டையில் ஒட்டினால் மேலே சொன்ன முதுகுப் பக்கம் போச்சு. இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, விரித்தபடி ஒரு தாள் உறைக்குள் வையுங்கள், போதும்.

தல்லாகுளத்திலிருந்து: டி.என்.ஏ. சோதனை செய்தால் பூர்வீகம் தெரியுமா?

பதில்: என் துறை இல்லை.

உசிலம்பட்டியிலிருந்து: கொள்ளுத்தாத்தா 1920-களில் ரங்கூன் கப்பல் பட்டறையில் இருந்தார். அவருடைய பாஸ்போர்ட் விவரம் எந்த ஆபீசில் கிடைக்கும்?

பதில்: எந்த ஆபீசிலும் கிடைக்காது தம்பி. 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பலேறி ரங்கூனில் இறங்குவது உள்நாட்டுப் பயணம், பாஸ்போர்ட்டே வேண்டாம். இலங்கைக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நிறுத்திப் பதிந்தார்கள், அந்த வழியில் பர்மாக்காரர்களைத் தேடினால் காலம்தான் போகும்.

பட்டறை என்றால் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த டல்லாவாக இருக்கலாம், ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் தளம். ஸ்காட்லாந்தில் டம்பார்டனில் டென்னி கம்பெனி கட்டிய படகுகளைத் துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவந்து ரங்கூனில் பூட்டினார்கள். அதற்கு ரிவெட் அடிக்கவும் தகடு தூக்கவும் தெலுங்கரும் தமிழரும் போனார்கள். 1942-ல் ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாதென்று அந்தக் கம்பெனியே தன் படகுகளை ஆற்றில் மூழ்கடித்தது.

நீங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். உசிலம்பட்டிக்காரரிடம் மொய் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டு நோட்டு இல்லை, பங்காளி வீடுகளின் பழைய நோட்டுகளைப் பாருங்கள். மொய் எழுதுகிறவர் ஊரை முதலில் போட்டுத்தான் பெயரை எழுதுவார். "ரங்கூன் டல்லா" என்று தொடங்கும் ஒரு வரி கண்ணில் பட்டால் எந்த வருஷம், யார் கல்யாணம், என்ன உறவு, மூன்றும் சேர்ந்தே வரும். குலதெய்வம் கோயில் தலைக்கட்டு வரி நோட்டும் அப்படித்தான். வெளியூரில் இருக்கிறவருக்காக யார் வரி கட்டினாரோ அவர்தான் நெருங்கிய பங்காளி. மணியார்டர் கூப்பன் துண்டு கிடைத்தால் முத்திரையில் தபாலாபீஸ் பெயரும் தேதியும் இருக்கும்.

வாடிப்பட்டியிலிருந்து: எங்கள் வம்சம் திருமலை நாயக்கர் படையில் தளபதியாக இருந்ததாம், நிரூபிக்க முடியுமா?

பதில்: முதலில் உங்கள் தாத்தாவின் அப்பா பெயரைக் காகிதத்தில் காட்டுங்கள்.

முனிச்சாலையிலிருந்து: அப்பாவின் அப்ரண்டிஸ் காகிதத்தில் "14-பி, மகால் பக்கம்" என்று ஒரு தெரு விலாசம். போய்ப் பார்த்தால் அந்தத் தெருவில் 14-பி என்று எதுவும் இல்லை. வீட்டை இடித்துவிட்டார்களா?

பதில்: இடித்திருக்கலாம், ஆனால் நம்பர் மாறியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மதுரையில் கதவு எண்ணை நம்பி யாரும் வீடு தேடக் கூடாது. வார்டு மாற்றும்போதெல்லாம் எண்ணும் மாறும், அதனால்தான் பாதி வீடுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு தகரம் தொங்குகிறது. 14, 14-ஏ, 14-பி என்று இருந்தால் ஒரே வீட்டை அண்ணன் தம்பி பாகம் பிரித்திருப்பார்கள், அதுவே ஒரு தடயம்.

நம்பரை விட்டுவிட்டு நான்கெல்லையைப் பிடியுங்கள். பழைய கிரையப் பத்திரத்தில் செக்குபந்தி என்று வருமே, "இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, பொதுச் சந்துக்கு வடக்கு" என்று, அதுதான். இன்னார் வீட்டுக்குக் கிழக்கு என்றால் இன்னார் வீடு உங்களுக்கு மேற்கே இருக்கிறது, அவசரத்தில் இதைத் தலைகீழாகப் படித்துத் தெரு முழுக்கத் தப்பாகச் சுற்றுகிறார்கள். நான்கு பக்கத்துக்காரர் பெயரும் தெரிந்தால் அவர்கள் பத்திரத்தைத் தேடலாம், அதில் உங்கள் அப்பாவோ தாத்தாவோ எல்லையாக நிற்பார்கள். சொந்த வீடே இல்லாமல் வாடகைக்கு இருந்தவர்களுக்கும் இதில் ஒரு வழி உண்டு, வீட்டுக்காரர் பெயராவது தெரிந்துவிடும்.

சார்பதிவாளர் ஆபீசில் சொத்துப் பத்திரங்கள் ஒன்றாம் புத்தகம். அதை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பெயர் வாரியாக ஒரு இண்டெக்ஸ், சொத்து வாரியாக ஒரு இண்டெக்ஸ். வில்லங்கச் சான்று ஆன்லைனில் ஒரு குறிப்பிட்ட வருஷத்திலிருந்துதான் வரும், அதற்கு முன் என்றால் கையால் தேடச் சொல்லி மனு போட வேண்டும். தெருவில் இடம் மாறாத ஒன்றை, கோயிலோ பள்ளிக்கூடமோ முச்சந்தியோ, அடையாளமாக வைத்துக்கொண்டு பழைய வாக்காளர் பட்டியலில் வீடு வீடாக எண்ணிக்கொண்டு வந்தால் உங்கள் 14-பி இன்றைக்கு எது என்று பிடித்துவிடலாம்.

கீழவாசலிலிருந்து: விலாசம் மாறும் என்கிறீர்கள், எங்கள் வீடு 1790-லிருந்து மேல வெளி வீதியில் அதே இடத்தில் இருக்கிறது.

பதில்: இருக்க முடியாது ஐயா. 1790-ல் அங்கே கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன.

கீழவாசலிலிருந்து மறுபடியும்: எங்கள் பாட்டனார் சொன்னது பொய்யா?

பதில்: பாட்டனாரைப் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, வருஷத்தைச் சொல்கிறேன். 1837-க்குப் பிறகுதான், பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த இடிபாட்டைப் போட்டு உருவான தெருக்கள்தான் வெளி வீதிகளும், மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும். மாரட் சர்வேயர், பெருமாள் அந்த வேலையைப் பார்த்த மேஸ்திரி. பிளாக்பர்ன் நினைவாக விளக்குத்தூணே நிற்கிறது, தினம் அந்தப் பக்கம்தானே போகிறீர்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: மாரட் என்பது மராட்டியர் தெரு என்றுதானே சொல்வார்கள்?

பதில்: சொல்வார்கள். இப்போதுதானே சொன்னேன், அது சர்வேயர் பெயர்.

பெரியார் பஸ் நிலையம் பக்கமிருந்து: கோட்டைக்கு வெளியேயும் வீடுகள் இருந்திருக்கும் அல்லவா? கீழவாசல்காரர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

பதில்: நல்ல கேள்வி. அகழிக்கு வெளியே குடியிருப்பு இருந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் விலாசம் மேல வெளி வீதி என்று இருந்திருக்காது, அந்த வீதியே அப்போது கிடையாதே. உங்கள் பஸ் நிலையத்துக்கு எதிரே கோட்டைக் கொத்தளத்தின் மிச்சம் இன்னும் நிற்கிறது. அதன் கீழே நின்று பாருங்கள், சுவர் எந்த வாக்கில் ஓடியது என்று தெரியும். கீழவாசல்காரரே, உங்களிடம் இருக்கும் மிகப் பழைய பத்திரத்தின் தேதியை மட்டும் சொல்லுங்கள், சண்டை முடிந்துவிடும்.

கீழவாசலிலிருந்து: பத்திரம் அண்ணன் வீட்டில் இருக்கிறது. அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை.

பதில்: அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஆரப்பாளையத்திலிருந்து: தாத்தா ஹார்வி மில்லில் அப்ரண்டிஸ், அப்புறம் கப்பல் பட்டறை என்கிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

பதில்: நன்றாகவே பொருந்தும். மில்லில் பாய்லரும் லேத்தும் பழகினவனுக்குப் பட்டறையில் உடனே வேலை. ஹார்வி மில் என்று சொல்வது மதுரா மில்ஸைத்தான், அது 1974-ல் கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது, பழைய காகிதத்தில் ஹார்வி பெயரோ மதுரா மில்ஸ் பெயரோதான் இருக்கும்.

திருமங்கலத்திலிருந்து: தாத்தா 50-களில் கொச்சி ஷிப்யார்டில் வேலை பழகினார். யாருக்கு எழுதுவது?

பதில்: கொச்சி ஷிப்யார்டே 1972-ல்தான் வந்தது. துறைமுகப் பட்டறையாக இருக்கலாம், அல்லது வேறு ஊர். குடும்பத்தில் "கப்பல்ல வேலை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். கப்பலில் ஓடிய கலாசியா, கட்டிய பிளேட்டரா, மூட்டை தூக்கியவரா, மூன்றுக்கும் காகிதம் வேறு வேறு இடத்தில் இருக்கும். முதலில் அதை விசாரியுங்கள்.

மேலூரிலிருந்து: பையனை ஷிப்யார்டில் அப்ரண்டிஸ் சேர்க்க வழி?

பதில்: அந்தந்தத் தளத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வரும். ஏஜென்ட் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

ஞானஒளிவுபுரத்திலிருந்து: ஞானஸ்நானப் பதிவில் தாத்தா பெயர் இருக்குமா?

பதில்: பங்குச் சாமியாரைக் கேளுங்கள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சொந்தக்காரராக இருப்பார்கள்.

பெரியகுளத்திலிருந்து: பழைய காகிதத்தில் மதுரை ஜில்லா என்று இருக்கிறது. அப்படியென்றால் பூர்வீகம் மதுரையா?

பதில்: இல்லை, உங்கள் ஊரே அப்போது மதுரை ஜில்லாதான். திண்டுக்கல் 1985-ல் பிரிந்தது, தேனி அதற்கும் பிறகு. அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்களும் கவனியுங்கள், 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா வருவதற்கு முந்தைய காகிதம் என்றால் உங்களுக்கும் இதே கதைதான்.

திருநகரிலிருந்து: 1932-ல் மதுரை டவுனில் பிறந்த அப்பாவின் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை, பெயர் போட்டுத் தேடிவிட்டார்கள்.

பதில்: பெயர் போட்டால் கிடைக்காது. அந்தக் காலத்தில் பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள், "ஆண் குழந்தை" என்றுதான் இருக்கும். தாத்தா பெயரும் தெருவும் போட்டு, முன்னும் பின்னும் இரண்டு வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்ன வயதும் உண்மை வயதும் ஒன்றாக இருந்த ஆளை நான் பார்த்ததில்லை.

அவனியாபுரத்திலிருந்து: தாத்தா வைசாக்கில்...

பதில்: மேலே செல்லூருக்குச் சொன்னதுதான். முழுக்கப் படியுங்கள்.

பழங்காநத்தத்திலிருந்து: எனக்கும் தாத்தா வைசாக்தான், டோக்கன் கூட இல்லை.

பதில்: செல்லூர். பிறகு மொய் நோட்டுக்கு உசிலம்பட்டி.

கரிமேட்டிலிருந்து: ஐயா, நீங்கள் சொல்வதற்கு முன்பே போன மாதம் ஒப்பந்தத்தை லேமினேட் செய்துவிட்டோம். பிளேடால் ஓரத்தைக் கீறிப் பிரித்துவிடலாமா?

பதில்: கீறாதீர்கள். காகிதம் இரண்டாக உரிந்து வரும், மை அந்தப் பக்கம் போய்விடும். வெந்நீரில் போடு, அயர்ன் பாக்ஸ் வை என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு, வெயிலில் சாய்வாகப் பிடித்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள், நேராகப் பிடித்தால் பளபளப்பில் எழுத்து மறையும். கார்டியன் கையெழுத்துப் பக்கத்தை மட்டும் தனியாக, கிட்டத்தில் எடுங்கள். மீதிக் காகிதங்களை அந்தக் கடைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.