உடல் எடைக்கு ஏற்ற விமானக் கட்டணமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: விமான நிலையத்தில் பயணிகளை எடை இயந்திரத்தில் நிற்க வைக்கும் காணொளி ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. இனிமேல் எடை பார்த்துத்தான் டிக்கெட் விலை போடுவார்கள் என்கிறார்கள். என் எடை 96 கிலோ. இது உண்மையா? (மதுரை வாசகர்)

பதில்: கவலைப்படாதீர்கள். எடை பார்ப்பது ஒன்று, எடைக்குக் காசு கேட்பது வேறு. அந்தக் காணொளியைப் பரப்புகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

ஏர் நியூசிலாந்து 2023இல், மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, ஆக்லாந்திலிருந்து வெளிநாடு போகும் 10,000 பயணிகளை எடை பார்க்கத் திட்டமிட்டு நடத்தியது. அதே ஆண்டு கொரியன் ஏரும், 2024இல் ஹெல்சிங்கியில் ஃபின்ஏரும் இதைச் செய்தன. பயணி கைப்பையோடு ஏறி நிற்பார். ஏர் நியூசிலாந்து வைத்த இயந்திரத்தில் எண் தெரியும் திரையே கிடையாது. பெயர் இல்லாமல் எடை மட்டும் கணக்கில் போய்ச் சேரும். ஃபின்ஏரில் விருப்பப்பட்டவர்கள் மட்டும் நின்றார்கள். யாருடைய டிக்கெட் விலையும் ஒரு காசு கூட மாறவில்லை.

பிறகு எதற்கு எடை? புறப்படும் முன் விமானத்தின் மொத்த எடை விமானிக்குத் தெரிய வேண்டும். ஓடுபாதையில் எவ்வளவு வேகம், இன்ஜினுக்கு எவ்வளவு விசை என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. தினமும் எல்லாரையும் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதால், 'ஒரு பெரியவர் சராசரியாக இத்தனை கிலோ' என்று ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறார்கள். மக்களின் எடை காலப்போக்கில் மாறுவதால் அந்த எண்ணை அவ்வப்போது சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

எண் தப்பானால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம். 2020 ஜூலையில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் புறப்பட்ட டூயி நிறுவன விமானத்தில், பெயருக்கு முன்னால் 'மிஸ்' என்று போட்டிருந்த 38 பெண்களை மென்பொருள் சிறுமிகளாக எடுத்துக்கொண்டது. ஆளுக்கு 69 கிலோ போட வேண்டிய இடத்தில் 35 கிலோ. விமானம் சுமைத்தாளில் இருந்ததைவிட 1,244 கிலோ கூடுதலாகத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் 19 இருக்கை கொண்ட ஒரு சிறு விமானம் கிளம்பியவுடன் விழுந்து 21 பேரும் இறந்தார்கள். பராமரிப்பின்போது வால்பகுதிக் கட்டுப்பாட்டுக் கம்பியைத் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். அதோடு பின்பக்கம் பாரமும் கூடியிருந்தது. பழைய சராசரி எடைகள் உண்மையைவிடக் குறைவு என்பது அந்த விசாரணையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பிறகு அமெரிக்கா தன் கணக்கை உயர்த்தியது. ஆகவே இப்படி ஓர் எடை இயந்திரத்தைப் பார்த்தால், தயங்காமல் ஏறி நில்லுங்கள். அது உங்கள் பாதுகாப்புக்கு.

சரி, எடைக்குக் காசு கேட்ட நிறுவனமே கிடையாதா? உண்டு. பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவா தீவு நாட்டில் 'சமோவா ஏர்' என்ற சிறு நிறுவனம் இதை நடைமுறைப்படுத்தியது. 2013 ஏப்ரலில் உலகம் முழுக்கச் செய்தியானது. பதிவு செய்யும்போது உங்கள் எடை, பெட்டியின் எடை இரண்டையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோவுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டுக் கட்டணம். விமான நிலையத்தில் மறுபடி நிறுத்துச் சரிபார்ப்பார்கள். குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு இது மலிவு என்பது அதன் தலைவர் கிறிஸ் லாங்டனின் வாதம்.

அங்கே ஓடியவை எந்த மாதிரி விமானங்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர் என்ற வகை: ஒன்பது பயணிகள், முழுச் சுமையோடு மொத்தமே 3 டன். இதில் இருவர் எடை கூடினால் மூன்றாமவரின் பெட்டியை இறக்க வேண்டிவரும். எடை அங்கே நிஜமாகவே இடத்தைத் தின்கிறது. அதே ஆண்டு 130 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்காக அகலமான ஒரு வரிசையையும் அந்த நிறுவனம் ஒதுக்கியது. காசு வாங்கியதோடு வசதியும் செய்துகொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. பின்னாளில் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. பெரிய நிறுவனம் எதுவும் அந்த வழியில் போகவில்லை.

கேள்வி: என் எடை 48 கிலோ. சென்னையிலிருந்து டெல்லி போகும்போது பெட்டியில் 3 கிலோ கூடியதற்குக் கூடுதல் கட்டணம் கட்டினேன். எனக்கு முன்னால் நின்றவர் நிச்சயம் 110 கிலோ இருப்பார். அவருக்கு ஒன்றும் இல்லை. எடைக்கு ஏற்ற கட்டணம் வந்தால்தானே நியாயம்? (சென்னை வாசகி)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அது முன்னால் நின்றவர் மேல் போக வேண்டியதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விமானத்தில் கூடுதலாக ஏறும் எடைக்கு, பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்த எடையில் தோராயமாக 3 சதவீத அளவு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பது இத்துறையில் பொதுவாகப் போடும் கணக்கு. 20 கிலோ கூடுதல் என்று வையுங்கள். மணிக்கு 600 கிராம். டெல்லி போய்ச் சேர மூன்று மணி நேரம் என்றாலும் 2 கிலோவுக்குள், அதாவது இரண்டு லிட்டர் சொச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்று போட்டாலும் இருநூறு ரூபாய்ப் பக்கம்தான் வருகிறது. அதே விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் உங்களைவிட மூவாயிரம் ரூபாய் கூடவோ குறையவோ கொடுத்திருப்பார், பதிவு செய்த நாளைப் பொறுத்து. 180 பேர் ஏறும் ஏர்பஸ் ஏ320 புறப்படும்போது எழுபது டன்னைத் தாண்டும். அதில் ஒருவரின் 20 கிலோ என்ன பெரிய வித்தியாசத்தைச் செய்துவிடும்?

இப்போது உங்கள் பெட்டிக்கு வாருங்கள். கவுன்ட்டரில் ஒரு கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வாங்கியிருப்பார்கள். அந்த ஒரு கிலோவுக்கான எரிபொருள் செலவோ பத்து ரூபாய்ச் சில்லறை. பெட்டிக் கட்டணம் நிறுவனத்தின் வருமான வழி. அதற்கும் எரிபொருளுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. உடல் எடைக்கும் கட்டணம் வந்தால் அதையும் இதே பாணியில்தான் போடுவார்கள். உங்கள் டிக்கெட் இருநூறு ரூபாய் குறையும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மற்றவருக்கு ஆயிரக்கணக்கில் ஏறும் என்று நம்பக் காரணம் இருக்கிறது.

2013இல் நார்வேயில் பணியாற்றிய பரத் பட்டா என்ற பொருளியல் ஆய்வாளர் இதற்கு மூன்று வழிகளை முன்வைத்தார்: ஒன்று, முழுக்க கிலோ கணக்கில் கட்டணம்; இரண்டு, ஓர் அடிப்படைக் கட்டணம் வைத்து, எடைக்குத் தகுந்தபடி தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ; மூன்று, எடை குறைவு, சராசரி, அதிகம் என்று மூன்று பிரிவுகளாகப் பிரித்துக் கட்டணம். மூன்றாவதுதான் நடத்த எளிது, ஆனால் மிக மோசமானதும் அதுதான் என்பேன். எல்லைக்கோட்டுக்கு ஒரு கிலோ மேலே இருப்பவர் அடுத்த பிரிவுக்கே காசு கட்ட வேண்டும். கர்ப்பிணி, மருந்தால் உடல் ஊதியவர், இயல்பிலேயே உயரமானவர் எல்லாரும் அதில் மாட்டுவார்கள்.

அப்புறம், 3 கிலோ விஷயம். கவுன்ட்டரில் வாங்குவதைவிட இணையத்தில் முன்கூட்டியே கூடுதல் எடை வாங்கினால் விலை குறைவு. கிளம்பும் முன் வீட்டில் ஒரு தொங்கு தராசில் பெட்டியை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவை கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டரில் அழைத்துப் போகிறோம். அவர் 91 கிலோ. எடைக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள் என்கிறார் ஒரு ஏஜென்ட். ஏமாற்றுகிறாரா? (திருச்சி வாசகர்)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. எடைக்கு ஏற்ற கட்டணம் அங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. கேதார்நாத் சேவையின் நிபந்தனைகளில் 80 கிலோவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் தொகை என்று வைத்திருக்கிறார்கள். மிக அதிக எடை உள்ளவரை இரண்டு இருக்கையாகக் கணக்கிடுவதும் உண்டு. தொகையும் வரம்பும் மாறக்கூடியவை என்பதால் இந்தப் பருவத்துக்கான நிபந்தனையைப் பதிவுப் பக்கத்தில் படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. கோயில் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, ஹெலிகாப்டரால் தூக்க முடிகிற சுமையும் குறைந்துவிடும். ஐந்தாறு பேர் உட்காரும் வண்டியில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. எல்லாரையும் நிறுத்துப் பார்க்கிறார்கள், விதியையும் முன்கூட்டியே சொல்கிறார்கள். எனவே இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அப்பாவின் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஹெலிபேடில் கம்பளிச் சட்டை, பூட்ஸ் எல்லாவற்றோடும்தான் ஏற்றி நிறுத்துவார்கள். வீட்டில் பார்த்த 91 அங்கே 94 ஆகும். கைப்பையும் ஓரிரு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. கூடுதல் தொகை கட்டினால் ரசீது கேளுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில்தான் எனக்குப் பயம். இந்த டிக்கெட் ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளத்தில் பதிவாகிறது. முதலில் உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு, அதன் பிறகு டிக்கெட். அதே தோற்றத்தில் போலி இணையதளங்கள் ஆண்டுதோறும் முளைக்கின்றன. வாட்ஸ்அப்பில் யுபிஐ எண் அனுப்பி 'அட்வான்ஸ் போடுங்க' என்பவருக்குத் தயவுசெய்து ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: என் எடை 138 கிலோ. விமானத்தில் பெல்ட் எட்டவில்லை. பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்கிறார். இரண்டு இருக்கை வாங்கலாமா? அதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை. காசு கொடுத்துப் பயணிக்கிறீர்கள், உட்கார்ந்து வரும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பெல்ட்டுக்குக் காசு கிடையாது. விமானத்தில் ஏறும்போதே பணிப்பெண்ணிடம் 'எக்ஸ்டென்ஷன் பெல்ட்' என்று மெதுவாகச் சொல்லுங்கள், கொண்டுவந்து தருவார். இணையத்தில் விற்பதை வாங்க வேண்டாம். சொந்த பெல்ட்டைப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. அவசர வழி வரிசையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீட்டிப்பு பெல்ட் போட்டவரை அங்கே உட்கார விடமாட்டார்கள். முதல் வரிசையும் வேண்டாம். முன்னால் காலுக்கு இடம் இருக்கும், ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் அந்தக் கைப்பிடி தூக்க வராது, இருக்கையும் ஒடுங்கிவிடும். ஏ320 வகையில் இருக்கை சுமார் 18 அங்குலம், போயிங் 737இல் சுமார் 17. பதிவு செய்யும்போது விமான வகையைப் பாருங்கள், அந்த ஓர் அங்குலம் பெரிய உதவி.

இரண்டு இருக்கை வாங்கலாம். இண்டிகோ 2020இலிருந்து ஒரே ஆளுக்கு இரண்டு இருக்கை விற்கிறது. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ அழைப்பு மையத்திலோ, ஒரே பிஎன்ஆரில் வாங்குங்கள். நீங்களாகவே உங்கள் பெயரில் இன்னொரு டிக்கெட் போட்டால், 'ஒரு பயணி வரவில்லை' என்று அந்த இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். இரண்டு போர்டிங் பாஸும் கையில் இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்து இருக்கைதானா என்று செக்-இன்னில் உறுதிசெய்யுங்கள். இரண்டாவது இருக்கைக்கு என்னென்ன வரி, பெட்டி எடை கூடுமா, ரத்து செய்தால் என்ன கிடைக்கும் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

வெளிநாடு போவதாக இருந்தால் விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் 2008இல் போக்குவரத்து முகமை ஒரு முக்கியமான தீர்ப்பு தந்தது: உடல் பருமனால் இயலாமை உள்ளவர்களையும் சேர்த்து, கூடுதல் இருக்கை தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளிடம் உள்நாட்டு விமானத்தில் ஒரே கட்டணம்தான் வாங்க வேண்டும். ஏர் கனடாவும் வெஸ்ட்ஜெட்டும் மேல்முறையீட்டுக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் அனுமதி கிடைக்கவில்லை. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் பல ஆண்டுகளாகக் கூடுதல் இருக்கைக்கான பணத்தைத் திருப்பித் தந்துவந்தது. 2026 ஜனவரி முதல் முன்கூட்டியே வாங்க வேண்டும், விமானம் நிரம்பாமல் போனால்தான் பணம் திரும்பும் என்று இறுக்கிவிட்டது. கனடா காட்டிய வழியில் நம் நாட்டு விதியும் ஒரு நாள் வர வேண்டும் என்பது என் ஆசை. நோயால் பருத்த உடலுக்கு இரண்டு டிக்கெட் விலையைச் சுமத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: பக்கத்துப் பயணி பாதி இருக்கையை எடுத்துக்கொண்டார். எனக்கு இழப்பீடு உண்டா? (சேலம் வாசகி)

பதில்: இதற்கென்று நேரடியான இழப்பீட்டு விதி இல்லை. கதவு மூடியதும் பணியாளரைத் தனியாக அழைத்து, காலி இருக்கை இருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். பக்கத்துப் பயணியின் காதில் விழும்படி சண்டை வேண்டாம். காசு கொடுத்துத் தேர்ந்தெடுத்த இருக்கையிலிருந்து மாற்றினார்கள் என்றால் அந்தத் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல், பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார், அதற்கும் பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போர்டிங் பாஸைத் தூக்கிப்போட்டுவிடாமல் வைத்திருங்கள்.