கார்ட்ரிட்ஜ் ஏன் காலையில் மறந்துபோகிறது?

கேள்வி: ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான டென் டென் டவுனில் பழைய சூப்பர் ஃபாமிகாம் (நின்டென்டோவின் வீடியோ கேம் பெட்டி) ஒன்றும், ‘செய்லர் மூன்: அனதர் ஸ்டோரி’ கார்ட்ரிட்ஜும் வாங்கினேன். விளையாட்டு நன்றாக ஓடுகிறது. ஆனால் இரவு சேவ் செய்துவிட்டுப் படுத்தால், காலையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டதா? பிறகு ஊருக்கு எடுத்துப்போனால் அங்கே ஓடுமா?

பதில்: கெடவில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் உள்ளே இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்க வேண்டும். 1995 செப்டம்பரில் வந்த விளையாட்டு இது. அன்று வைத்த செல்லே இன்னும் உள்ளே இருந்தால் அதற்கு வயது முப்பது. இவ்வளவு காலம் தாங்கியதே பெரிது.

கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு நினைவகங்கள் உண்டு. விளையாட்டு இருக்கும் சில்லு மின்சாரமே இல்லாமல் கிடந்தாலும் எதையும் மறக்காது. நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள், யாருக்கு எந்த லெவல் என்பதெல்லாம் எஸ்ராம் என்ற இன்னொரு சில்லில் இருக்கிறது. அதற்கு எந்நேரமும் ஒரு துளி மின்சாரம் வேண்டும். பெட்டி ஓடும்போது 5 வோல்ட் அங்கிருந்தே வரும். அணைத்ததும் பொறுப்பு செல்லின் தலையில் விழும். சி.ஆர். 2032 செல்லின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லிஆம்ப் மணி. எஸ்ராம் உறிஞ்சுவது ஒரு மைக்ரோஆம்ப் என்று வைத்துக்கொண்டால் கணக்கு 25 ஆண்டைத் தொடும்.

செல்தான் காரணமா என்று ஒரு சின்னச் சோதனையில் தெரிந்துகொள்ளலாம். சேவ் செய்துவிட்டு ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். சேவ் அப்படியே இருந்தால் எஸ்ராம் நலம். பிறகு பெட்டியை அணைத்து, பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். இப்போது சேவ் காணாமல் போயிருந்தால் குற்றவாளி செல்தான். ரீசெட்டிலேயே அழிந்தால் கோளாறு வேறு; அப்போது கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

திறப்பதற்குச் சாதாரணத் திருப்புளி உதவாது, இந்த வகைத் திருகுக்கென்றே உள்ள 3.8 மி.மீ. கேம்பிட் என்ற திருப்புளி வேண்டும். டென் டென் டவுனிலேயே எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகள் உண்டு, விசாரித்துப் பாருங்கள். செல் வாங்கும்போது மட்டும் கவனம். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் வெறும் செல் வேண்டாம், இரண்டு பக்கமும் உலோகக் கால் ஒட்டி வருவதைக் கேளுங்கள். வெறும் செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் வைத்தால் சூட்டில் அது கெடும், வெடிக்கவும் செய்யலாம். செல்லோபேன் டேப் போட்டு ஒட்டும் யோசனையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு மாதம் ஓடும், அப்புறம் கதையின் முக்கியமான கட்டத்தில் காலை வாரும்.

பழைய செல்லைக் கழற்றும் முன் பிளஸ் எந்தப் பக்கம் என்று ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். முதல்முறை நான் மாற்றியபோது அதைச் செய்யாமல் தலைகீழாக வைத்துவிட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. புதிய செல்லை மல்டிமீட்டரில் பார்த்தால் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். பலகையைத் திறந்த கையோடு தொடுமுனைகளை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடுங்கள். வாயால் ஊதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும்.

கழற்றினால் உள்ளே இருக்கும் சேவ் போய்விடும். உங்களிடம் இழக்க ஒன்றும் இல்லை என்பதால் கவலை வேண்டாம். உயிரோடு இருக்கும் சேவ் உள்ள கார்ட்ரிட்ஜ் என்றால், முதலில் அதைக் கணினியில் நகலெடுக்கும் கருவியைத் தேடச் சொல்லியிருப்பேன்.

இந்த விளையாட்டுக்கு இவ்வளவு மெனக்கெடலாமா என்றால், என் கருத்தில் தாராளமாக. ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கி, ஏஞ்சல் என்ற நிறுவனம் வெளியிட்டது. செய்லர் மூன் கார்ட்டூன் கதையின் பத்து வீராங்கனைகளையும் வைத்து விளையாடலாம். சண்டையில் ஐந்து பேர் வரை இறங்கலாம், சேர்ந்து தாக்கும் கூட்டு வித்தைகளும் உண்டு. நடுவில் அவர்களில் சிலர் தனித்தனியே உலகின் வெவ்வேறு மூலைக்குப் போகிறார்கள். ஒரே மாலையில் முடிகிற சமாச்சாரம் இல்லை, அதனால்தான் செல் இங்கே உயிர்நாடி. வசனங்கள் முழுக்க ஜப்பானிய மொழியில். அங்கேயே வேலை பார்ப்பதால் உங்களுக்கு அது பாடப்புத்தகம் மாதிரியும் பயன்படும்.

சரி, ஊருக்கு எடுத்துப்போவது. கார்ட்ரிட்ஜுக்கு ஒரு தடையும் இல்லை, பிரச்சினை அடாப்டரில். ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 230. அந்த அடாப்டரை நேரே சொருகினால் புகைதான் வரும். 230-ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்குங்கள். புது அடாப்டர் போடுவதானால் 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்ப், பின்னின் நடுமுனை மைனஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான அடாப்டர்களில் நடுமுனை பிளஸ்.

பெட்டியை விட்டுவிட்டுக் கார்ட்ரிட்ஜை மட்டும் கொண்டுபோகும் எண்ணமா? இதே பெட்டியின் அமெரிக்க வடிவமான சூப்பர் நின்டென்டோவில் உள்ளே இரண்டு பிளாஸ்டிக் முளைகள் ஜப்பானிய கார்ட்ரிட்ஜ் இறங்கவிடாமல் தடுக்கும். அவற்றை நறுக்கினால் ஓடும், வேறு நாட்டு கார்ட்ரிட்ஜைத் தடுக்கும் பூட்டுச் சில்லு இரண்டிலும் ஒன்றுதான். ஐரோப்பியப் பெட்டியில் அந்தச் சில்லே வேறு, அதனால் அப்படியே போட்டால் ஓடாது.