சந்தாதாரர்களை ஒரு வி.பி.என்.னிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் இணைப்பு அறுமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்ககத்தின் 400 இணைப்புகளைப் பழைய வி.ஆர்.எஃப்.இலிருந்து (ரவுட்டருக்குள் ஒவ்வொரு வி.பி.என்.னுக்கும் தனியாக இருக்கும் ரூட்டிங் அட்டவணை) புதியதற்கு மாற்ற வேண்டும். அறாமல் முடியுமா?

பெரும்பாலும் முடியாது. புதிய வி.ஆர்.எஃப்.புக்குத் தனி ஐ.பி. பூல் (முகவரித் தொகுப்பு) என்றால் வாடிக்கையாளரின் முகவரியும் மாறும். நடந்துகொண்டிருக்கும் வீடியோ கால் விழுந்தே தீரும். அந்த இடைவெளியைச் சில நொடிகளுக்குள் அடக்கலாம்.

பி.பி.பி.ஓ.இ. (பயனர் பெயர், கடவுச்சொல்லோடு ரவுட்டர் டயல் செய்து இணையும் முறை) என்றால் வேலை சுலபம். முதலில் ரேடியஸில் (பயனர்களைச் சரிபார்த்து அனுமதிக்கும் சர்வர்) பயனர் புரொஃபைலை மாற்றுங்கள், பிறகு இணைப்பைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் செய்தியை அனுப்புங்கள் (யு.டி.பி. போர்ட் 3799). வரிசை தவறினால் ரவுட்டர் உடனே திரும்ப டயல் செய்து பழைய இடத்திலேயே போய் உட்காரும். 400 பேரையும் ஒரே அடியில் துண்டிக்காதீர்கள். ஐம்பது ஐம்பதாகச் செய்தால் ரேடியஸ் திணறாது.

முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு (லீஸ்) தானாக வழங்கும் டி.எச்.சி.பி.யில்தான் தலைவலி. வாடிக்கையாளரின் ரவுட்டர் லீஸில் பாதி நேரம் கழிந்த பிறகுதான் புதுப்பிக்கக் கேட்கும். லீஸ் 24 மணி நேரம் என்றால் 12 மணி நேரம் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே முந்தின நாளே லீஸை 5 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

முகவரி கிடைத்தும் எதுவும் திறக்கவில்லையா? டி.என்.எஸ். (தளப் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) இருக்கும் பொது வி.ஆர்.எஃப்., புதிய வி.ஆர்.எஃப்.இன் ரூட் டார்கெட்டை (அதன் ரூட்களை அடையாளம் காட்டும் குறி) இம்போர்ட் செய்கிறதா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் பாக்கெட் போகும், பதில் திரும்பி வர வழி இருக்காது.

இன்னொன்று: சிஸ்கோ ஐ.ஓ.எஸ்.இல் (சிஸ்கோ ரவுட்டர்களின் இயங்குதளம்) ஓர் இன்டர்ஃபேஸை வேறு வி.ஆர்.எஃப்.இல் போட்டால் அதன் ஐ.பி. அழிந்துவிடும். முகவரியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அதே இன்டர்ஃபேஸ் வழியாக உள்ளே நுழைந்து இதைச் செய்யாதீர்கள்.