திருட்டுத் தட்டுக்கு நன்றியா?

கேள்வி: அமெரிக்க ராக் குழுவான பீச் பாய்ஸ் 1967இல் கைவிட்ட 'ஸ்மைல்' ஆல்பத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றிக் கொடுத்தவை திருட்டு இசைத்தட்டுகள்தாம். 2011இல் கம்பெனியே அதை வெளியிட்டுக் காசு பார்த்துக்கொண்டது. காப்புரிமை என்றாலே வரிந்துகட்டிக்கொண்டு வரும் நீங்கள், இந்தத் திருடர்களுக்காவது ஒரு நன்றி சொல்வீர்களா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மாட்டேன். முதலில் உங்கள் கணக்கே உதைக்கிறது. 'ஸ்மைல்' திருட்டுத் தட்டுகள் பெருகியது 1980களில்தான். அதற்கு முன்பே அந்த ஆல்பத்தின் நல்ல பாடல்கள் சில முறையாகவே கடைக்கு வந்துவிட்டன. 'கேபினெசன்ஸ்' 1969இல் வந்தது. 'சர்ஃப்ஸ் அப்' 1971இல் வந்தது. அதன் பெயரில் ஒரு ஆல்பமே உண்டு. 1993இல் வெளியான தொகுப்புப் பெட்டியில் ஏறக்குறைய அரைமணி நேர 'ஸ்மைல்' இசையைக் கம்பெனியே சேர்த்தது. மூல ஒலிநாடாக்களில் பெரும்பகுதி கிடங்கில் பத்திரமாகத்தான் இருந்தது. உங்கள் இரட்சகர்கள் கையில் இருந்தது எங்கிருந்தோ கசிந்த நகல், அந்த நகலுக்கு ஒரு நகல்.

கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கேப்பிடல் நிறுவனம் அன்று செய்த கூத்து தனி. இசை முடியும் முன்பே நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை அச்சடித்து வைத்துவிட்டது. மாப்பிள்ளை முடிவாகும் முன் கல்யாணப் பத்திரிகை அடித்த கதை. பின்னட்டையில் பன்னிரண்டு பாடல்களின் பட்டியல் இருந்தது. கூடவே ஒரு குறிப்பு: சரியான வரிசைக்கு இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்கவும். இசைத்தட்டும் வரவில்லை, சீட்டும் வரவில்லை. அட்டை மட்டும் கிடங்கில் குவிந்து கிடந்தது. ராயல்டி பாக்கி என்று 1967 தொடக்கத்தில் குழுவே கம்பெனி மீது வழக்குப் போட்டது வேறு.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம்? குழுவின் இசையமைப்பாளர் பிரையன் வில்சன் அப்போது பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் பதிவு செய்வதில்லை. துண்டு துண்டாகப் பதிவு செய்து பிறகு ஒட்டுவார். 'குட் வைப்ரேஷன்ஸ்' அப்படிப் பல மாதம், பல ஸ்டூடியோ ஏறி இறங்கி உருவான பாட்டு. 1966 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதே முறையில் ஒரு முழு ஆல்பத்தையே செய்யக் கிளம்பினார். பாடல் வரிகள் வான் டைக் பார்க்ஸ். அப்போது பிரையனுக்கு இருபத்து நான்கு வயது. எந்தத் துண்டு எதற்குப் பின்னால் வரும் என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது, அதுவும் வாரத்துக்கு வாரம் மாறியது.

1966 நவம்பர் 28 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவில் நடந்ததைக் கேளுங்கள். 1871 சிகாகோ பெருந்தீயைப் பற்றிய வாத்திய இசை. பெயர் 'மிஸஸ் ஓலியரிஸ் கவ்'. வயலின், செலோ கலைஞர்கள் தலையில் பொம்மைத் தீயணைப்புத் தொப்பியை மாட்டிவிட்டார் பிரையன். புகை வாசம் வேண்டும் என்று ஒரு வாளியில் விறகைக் கொளுத்தி வைக்கச் சொன்னார். சில நாளில் ஸ்டூடியோ வட்டாரத்தில் ஒரு கட்டடம் தீப்பற்றியது. தன் இசைதான் அதைக் கொளுத்தியது என்று மனிதர் நடுங்கிப்போனார். அந்த நாடாக்களைத் தானே எரித்துவிட்டதாகச் சொல்லித் திரிந்தார், எரிக்கவில்லை. போதைப்பொருள், மனநோய், வரிகள் புரியவில்லை என்று சண்டைபோட்ட குழுவின் பாடகர் மைக் லவ், எல்லாம் சேர்ந்து அழுத்த, 1967 மே மாதம் ஆல்பம் கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் 'ஸ்மைலி ஸ்மைல்' என்று எளிமையான மாற்று ஒன்று வந்தது.

உங்கள் கேள்வியில் விடுபட்ட ஆள் இந்தப் பிரையன்தான். உடல்நலம் கெட்ட ஒரு மனிதர், இது வேண்டாம் என்று மூடிவைத்ததை, அவரைக் கேட்காமல் தட்டாக்கி விற்றார்கள். அவருக்கோ வான் டைக் பார்க்ஸுக்கோ அதில் ஒரு சல்லிக்காசு போகவில்லை. பேட்டி எடுக்க வந்தவர்களெல்லாம் 'ஸ்மைல்' எங்கே என்று அவரைக் குடைந்தார்கள். பல ஆண்டுகள் அந்தப் பேச்சையே அவர் வெறுத்தார். இதற்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்கிறீர்கள். (நம் இதழின் பி.டி.எஃப். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதற்கும் அடுத்த மாதம் நன்றி கேட்பீர்கள் போலிருக்கிறது.)

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆளுக்கொரு வரிசையில் அடுக்கி, எது சரி என்று விடிய விடியச் சண்டைபோட்ட ரசிகர்கள் இல்லையென்றால் இந்த ஆல்பத்தின் மீது ஆசை இத்தனை காலம் நீடித்திருக்காது. அவர்களில் பலர் கேட்டது திருட்டுத் தட்டைத்தான். ஆனால் ஆசையைக் கிளப்புவது வேறு, ஆல்பத்தை முடிப்பது வேறு. 2003இல் டேரியன் சஹனாஜா என்ற இசைக்கலைஞர் பழைய துண்டுகளை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு பிரையனின் வீட்டுக்குப் போனார். பாடல் வரிகள் இருந்த ஒரு பழைய தாளில் ஒரு சொல் விளங்காமல் போக, பிரையன் தொலைபேசியை எடுத்து வான் டைக் பார்க்ஸையே கூப்பிட்டார். மறுநாள் அவரும் வந்து உட்கார்ந்தார். 2004 பிப்ரவரி 20 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மூன்று பகுதிகளாக முழு 'ஸ்மைல்' அரங்கேறியது. செப்டம்பரில் பிரையன் புதிதாகப் பதிவு செய்த ஆல்பம் வந்தது. அதில் இருந்த அந்தத் தீ இசைதான் பிரையனுக்கு முதல் கிராமி விருதை வாங்கித் தந்தது.

பழைய ஒலிநாடாக்களைத் தொகுத்த 2011 வெளியீடு இதற்குப் பிறகு வந்தது, இதைப் பார்த்துத்தான் வரிசையும் அமைத்தார்கள். கம்பெனிக்கும் கூச்சம் இருந்திருக்க வேண்டும். 'ஸ்மைல்' என்று பெயரிடாமல் 'தி ஸ்மைல் செஷன்ஸ்' என்றே போட்டது. 1967இல் முடியாததை 1967இன் ஆல்பம் என்று விற்கவில்லை. அந்த நேர்மைக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

எதை வாங்குவது என்று கேட்டிருந்தால் உருப்படியான கேள்வியாக இருந்திருக்கும். 2004 ஆல்பத்தை வாங்குங்கள். குரல் வயதானதுதான், இளமைக் குரல்களின் பளபளப்பு அதில் கிடையாது. ஆனால் செய்தவரே முடித்தது அது. பிடித்திருந்தால் 2011 பெட்டிக்குப் போங்கள். ஐந்து குறுந்தட்டுகள், ஐந்தாவது முழுக்க 'குட் வைப்ரேஷன்ஸ்' துண்டுகள், பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.