விழாத ஹெவிவெயிட்கள்: கேள்வி பதில்

வெலிங்டன் முகாமில் படைவீரர்களுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். அடி தாங்கும் ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) வீரர்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நீலகிரி நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வெவ்வேறு காலத்து வீரர்களின் கற்பனை மோதல்களுக்கு ஒரு நிபந்தனை: வெறுமனே உச்சக் காலம் என்று சொல்லாமல் ஆண்டைச் சொல்ல வேண்டும். எல்லாச் சண்டையும் பழைய முறைப்படி 15 சுற்று.

குன்னூர் கல்லூரி மாணவர்: சார், அடி தாங்குவதில் முதலிடம் யாருக்கு?

விழாமல் நிற்பதை மட்டும் பார்த்தால் கனடாவின் ஜார்ஜ் சுவாலோவுக்கு. 93 தொழில்முறைச் சண்டைகள். ஒரு முறைகூட அவரை யாரும் கீழே தள்ளியதில்லை. 1966இல் டொராண்டோவில் முகமது அலியுடன் 15 சுற்றும் நின்றார். 1967இல் ஜோ ஃபிரேசியரிடமும் 1970இல் ஜார்ஜ் ஃபோர்மனிடமும் தோற்றபோது சண்டை பாதியில் நிறுத்தப்பட்டது. இரண்டு முறையும் சுவாலோ காலூன்றித்தான் நின்றிருந்தார்.

ஆனாலும் என் வரிசையில் அலியும் லாரி ஹோம்ஸும் அவருக்கு முன்னால் வருவார்கள். தாடை, அதாவது குத்தைத் தாங்கும் உறுதி, பிறவியிலேயே அமைவது. நிலைகுலைந்த பிறகு அடுத்த முப்பது வினாடியை எப்படிக் கடப்பது என்பதைப் பயின்றுதான் பெற வேண்டும். 1979இல் எர்னி ஷேவர்ஸின் வலக்கைக் குத்தில் ஹோம்ஸ் ஏழாம் சுற்றில் சாய்ந்தார். ஷேவர்ஸைப் போல் கனமாக அடித்தவர்கள் ஹெவிவெயிட் வரலாற்றிலேயே சிலர்தான். ஹோம்ஸ் எழுந்தார், கட்டிப்பிடித்தார், நகர்ந்தார், சுற்றைக் கடத்தினார். பதினோராம் சுற்றில் வென்றார். என்னிடம் பயின்ற பையன்களுக்கு அந்த ஏழாம் சுற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அதே ஷேவர்ஸுடன் 1977இல், 35 வயதில், அலி 15 சுற்றும் நின்று வென்றார்.

கோத்தகிரி தேயிலை விவசாயி: 1971 ஃபிரேசியரும் 1988 டைசனும் மோதினால்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இருவரும் உயரம் குறைந்தவர்கள், குனிந்து நெருங்குபவர்கள், இடக்கை ஹுக்கை (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) நம்புபவர்கள். ஆனால் ஃபிரேசியருக்குச் சூடு பிடிக்கச் சில சுற்றுகள் ஆகும். 1966இல் அர்ஜென்டினாவின் பொனவேனா அவரை இரண்டாம் சுற்றிலேயே இரு முறை வீழ்த்தினார். ஃபிரேசியர் எழுந்து புள்ளிகளில் வென்றார். டைசனோ முதல் மணியிலேயே முழு வேகத்தில் வருவார்; மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் முடித்த ஆண்டு 1988. எடையிலும் ஏறத்தாழ 12 பவுண்டு கூடுதல்.

ஆறாம் சுற்றைத் தாண்டிவிட்டால் பணத்தை ஃபிரேசியர் மேல் கட்டுவேன். 1971 மார்ச்சில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், பதினைந்தாம் சுற்றில், அலியையே கீழே சாய்த்த மனிதர் அவர். களைப்பு அவரைத் தொட்டதே இல்லை. டைசன் நீண்ட சண்டையில் பொறுமை இழப்பவர். இருந்தும் அந்த ஆறு சுற்றைக் கடப்பது கடினம். டைசன், நான்காம் சுற்றுக்குள். ஃபிரேசியரை நேசிப்பவன் இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

கூடலூர்: டைசனும் 1973 ஃபோர்மனும்?

ஃபோர்மன். குனிந்து உள்ளே வருபவரை இரு கைகளாலும் தள்ளி நிறுத்திக் கீழிருந்து மேலே குத்துவது அவர் வழி. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஃபிரேசியரை இரண்டே சுற்றில் ஆறு முறை வீழ்த்தியது அப்படித்தான்.

ஊட்டியில் பயிற்சி எடுக்கும் இளைஞர்: ஐயா, மலையில் ஓடிப் பழகினால் அடி தாங்கும் சக்தி கூடுமா?

மூச்சு கூடும் தம்பி, தாடை கூடாது. 2,200 மீட்டருக்கு மேல் சில வாரங்கள் தங்கினால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும். கடைசிச் சுற்றுகளில் கை கீழே இறங்காது. கை இறங்காதவன் குறைவாக அடி வாங்குவான். அந்த அளவுக்குத்தான் உதவி.

2001 ஏப்ரலில் உலகச் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸுக்கு நேர்ந்ததைப் பார்த்துக்கொள். ஜோகன்னஸ்பர்க் அருகே பிராக்பானில் சண்டை. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர், ஏறக்குறைய நம் குன்னூரின் உயரத்தை நெருங்கும். எதிராளி ஹசீம் ராஹ்மான் முன்கூட்டியே வந்து அந்தக் காற்றுக்குப் பழகிக்கொண்டார். லூயிஸ் தாமதமாக வந்தார். ஐந்தாம் சுற்றில் ராஹ்மானின் ஒரே வலக்கைக் குத்து, எல்லாம் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஒழுங்காகத் தயாராகி வந்து ராஹ்மானை நான்காம் சுற்றில் வீழ்த்தினார். லூயிஸின் தாடை அந்த ஏழு மாதத்தில் மாறிவிடவில்லை.

கழுத்துப் பயிற்சியை விடாதே. குத்தில் தலை சடாரென்று சுழலும்போதுதான் மூளை குலுங்கி நினைவு தப்புகிறது. உறுதியான கழுத்து அந்தச் சுழற்சியைக் குறைக்கும்.

கேத்தியிலிருந்து ஒரு சகோதரி: ஐயா, என் தம்பி பயிற்சியில் எவ்வளவு அடித்தாலும் தாங்குவேன் என்று பெருமைப்படுகிறான். பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரிதான் அம்மா. அடி தாங்குபவன்தான் அதிகம் அடி வாங்குவான். விழுபவனை நடுவர் காப்பாற்றிவிடுவார். ஜெரி குவாரி என்றொரு துணிச்சல்காரர், அலி, ஃபிரேசியர் இருவரோடும் மோதியவர். மூளை சிதைந்து 1999இல் 53 வயதில் இறந்தார். அலிக்கு நடுக்க நோய் இருப்பது 1984இல் கண்டறியப்பட்டது. அப்போது வயது 42. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது.

தம்பியின் பயிற்சியாளரிடம் நேரில் பேசுங்கள். வாரத்தில் எத்தனை நாள் தலையில் அடி விழும் பயிற்சி, தலைவலி வந்தால் எத்தனை நாள் ஓய்வு என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள். விருப்பம் இருந்தால் என்னிடம் அழைத்து வாருங்கள். முதல் ஆறு மாதம் காலடியும் தலை அசைவும் மட்டும்தான்.

அருவங்காடு: 1950களின் சாம்பியன் ராக்கி மார்சியானோ, இன்றைய ஹெவிவெயிட்களிடம் நிற்பாரா?

49 சண்டை, 49 வெற்றி. ஆனால் எடை 185 பவுண்டு அளவுதான். இன்று அவர் ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூசர்வெயிட் பிரிவில் இருந்திருப்பார். அங்கே அவரை வெல்ல ஆள் தேட வேண்டியிருக்கும்.

மீண்டும் குன்னூர் மாணவர்: 1966 அலி, 1980 ஹோம்ஸ்? 1980இல் உண்மையிலேயே மோதினார்களே, அதை வைத்து முடிவு செய்யலாமா?

கூடவே கூடாது. அந்த அக்டோபரில் லாஸ் வேகாஸில் ரிங்கில் நின்றது 38 வயது அலி. பத்தாம் சுற்றுக்குப் பின் அவருடைய பயிற்சியாளரே நிறுத்தினார். 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை வென்ற அலியின் கால்களைப் பார்த்துவிட்டுப் பேசு. ஹோம்ஸின் ஜாப் (முன்கையை நேராக நீட்டி விடும் விரைவுக் குத்து) முதல் ஐந்து சுற்றை எடுத்துக்கொள்ளும். பிறகு அலியின் வேகம் அதற்கு வழி கண்டுபிடித்துவிடும். யாரும் விழமாட்டார்கள். அலி, புள்ளிகளில், இரண்டு சுற்று வித்தியாசத்தில்.